முகமூடிக்கு முன் ஒரு மோப்பம்

கோதன்பர்க் பெயிண்ட் ஆலையில் என் வேலை நிரந்தரமாக நச்சுவாயு முகமூடிச் சோதனை ஒன்றுதான் பாக்கி.

"ஹெல்மர், முகமூடிக்குள்ள வாழைப்பழ எசென்ஸ் வாசனை வந்தா அது ஓட்டைன்னு அர்த்தம். முதல்ல வெறும் மூக்கால மோந்து பாரு," என்று பாதுகாப்பு அதிகாரி இங்கெலா ஒரு புட்டியை நீட்டினாள்.

"உவ்வே! அழுகின பழத்தை நெயில் பாலிஷ்ல ஊறவச்ச மாதிரி இருக்கு! இதையா மிட்டாய்ல போடறாங்க?"

அவள் அடுத்து நீட்டிய புட்டியை மோந்ததும் இன்னும் பலமாக ஓங்கரித்தேன்.

"அது வெறும் தண்ணிப்பா. மூக்கு எப்போ போச்சு?"

"போன குளிர்காலக் காய்ச்சல்ல..."

"அதான் உன்கூட வேலை பார்க்கற டோர்பியோன் சாப்பாட்டு நேரத்துல புளிக்கவச்ச மீன் டப்பாவைத் திறந்தப்போ எல்லாரும் வாந்தி வராத குறையா ஓட, நீ மட்டும் அவன்கூட உட்கார்ந்து தின்னியா? உன்னை உயிர் நண்பன்னு ஊரெல்லாம் சொல்றானே!"

தலை குனிந்தேன்.

"வேலை போனா போகட்டும். டோர்பியோன்கிட்ட மட்டும் சொல்லிடாத."