ந போட்ட துணுக்குகள்

ஒரு சிரிப்பின் விலை இரண்டணா. அதையும் குறைக்கப் பார்த்தார் மதராஸ் பதிப்பாளர் குணசேகரன்.

சிக்கந்தராபாத் ரயில்வே குவார்ட்டர்ஸில், காலமான நகைச்சுவை எழுத்தாளர் யேசுதாஸின் டிரங்குப்பெட்டி திறந்து கிடந்தது. குவார்ட்டர்ஸை நாளைக்குள் காலி செய்யவேண்டும். புதுவீட்டு முன்பணம் பத்து ரூபாய்க்கு மகள் ஞானசௌந்தரி அந்தப் பெட்டியைத்தான் நம்பியிருந்தாள்.

"ஓரத்தில் 'ந' போட்டதை மட்டும் எடும்மா. ந என்றால் நன்று. இதுகூடத் தெரியாதா நமக்கு?" என்றார் பெட்டியருகே உட்கார்ந்திருந்த குணசேகரன்.

'ந' என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். அப்பா எதை எழுதினாலும் முதலில் அம்மாவிடம் வாசிப்பார். சிரிப்பு வந்தால் அம்மா அந்த ஊர் உருதுவில் "ஹவ்", ஆமாம், என்பாள்; வராவிட்டால் "நக்கோ", வேண்டாம். அந்த முதலெழுத்தை அப்பா ஓரத்தில் குறித்துக்கொள்வார். சரக்கு தெரியாமல் வாங்க வந்தவருக்குப் பாடம் எடுப்பது வியாபாரமா? நக்கோக்களாகப் பொறுக்கி அவர் தலையில் கட்டினாள்.

அப்போதுதான் தேதிகள் கண்ணில் பட்டன. அம்மா விஷக்காய்ச்சலில் போய்ப் பல வருஷம். அதற்குப் பிறகு எழுதியவற்றிலும் குறி இருந்தது.

எழுபத்தொன்பது தேறின; பத்து ரூபாய்க்கு இன்னும் ஒன்று வேண்டும். 'ஹ' போட்டவை போக மிஞ்சியது அப்பா ஆஸ்பத்திரியில் எழுதிய கடைசித் துணுக்கு. அதில் மட்டும் குறியில்லை.

"கேட்டுத்தான் பாருங்களேன் ஐயா," என்று காகிதத்தை மேசைமேல் வைத்து உரக்க வாசித்தாள்.

"நக்கோ," என்றது சமையலறை.

"உள்ளே அம்மாவா?" என்றார் குணசேகரன்.

ஞானசௌந்தரி திரும்பிப் பார்த்தாள். அடுப்படியில் யாருமில்லை.

"இதோ, 'ந' போட்டிருக்கே! நான்தான் கவனிக்கலை," என்று அவர் காகிதத்தை எடுத்துக்கொண்டார். அப்பாவின் சாய்ந்த கையெழுத்து. மை இன்னும் காயவில்லை.

எண்பது துணுக்கு, பத்து ரூபாய். பாக்கியில்லை.