சங்கத்தின் பேரில் ஒரு தந்தி

"பேர் இல்லைன்னா என்ன அர்த்தம், பாய்?"

சிலுவைராஜ் ஓங்கி அடித்ததில் கவுண்டர் பலகை அதிர்ந்தது. தபாலாபீஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

தந்தி குமாஸ்தா மொய்து பாலக்காட்டுக்காரர். அதிர்ந்து பேசத் தெரியாதவர்.

"கோவிச்சுக்காதீங்க. எமர்ஜென்சி வந்ததுக்கு அப்புறம் புது உத்தரவுங்க. சங்கத்துப் பேர்ல யார் தந்தி கொடுத்தாலும், அவங்களுக்கு அதிகாரம் இருக்கான்னு மேலாபீஸ்ல கேட்டுட்டுத்தான் அனுப்பணும். கேட்டேன். உங்க பேர் இல்லைன்னுட்டாங்க."

"நான் சங்கத்துச் செக்ரட்டரி. இதே சன்னல்ல நின்னு எத்தனை தந்தி கொடுத்திருக்கேன்! ஒமக்குத் தெரியாதா? இன்னொரு தடவை கேளும்!"

மொய்து மறுபேச்சில்லாமல் தந்திச் சாவியைத் தட்டினார். கட்... கடகட... கட். சங்கத்தின் பேர், சிலுவைராஜின் பேர், ஒரு கேள்வி. பிறகு காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

சிலுவைராஜுக்கு இருப்புக் கொள்ளவில்லை. முந்தின நாள் மழையில் தொழிலாளர் லயத்து வீட்டுச் சுவர் இடிந்து, கொழுந்து கிள்ளுகிறவள் சந்தனத்தின் இரண்டு கால்களும் நசுங்கிப் போயின. சுவரைப் பாருங்கள் என்று சங்கம் நடையாய் நடந்தும் திரும்பிப் பார்க்காத எஸ்டேட் துரை, "வழுக்கி விழுந்தாள்" என்று டாக்டரைச் சொல்ல வைத்துவிட்டார். கூட்டம் போடத் தடை. ஊர்வலத்துக்குத் தடை. டெல்லிக்கு ஒரு தந்தி, அதுதான் மிச்சம்.

சாவி பதிலுக்குக் கடகடத்தது. மொய்து நிமிர்ந்தார்.

"அதே பதில்தானுங்க. பேரை எடுத்தாச்சாம்."

"எவன் எடுத்தான்?"

மொய்து தயங்கினார். "உங்க தலைவர்தானுங்க. சூசையப்பன்."



"நீர் சொல்லுதது நெசமா?"

"அதுக்கு மேல சொல்ல எனக்கு அதிகாரம் இல்லீங்க."

தேயிலைச் சரிவில் பாதை பார்க்காமல் ஏறினான் சிலுவைராஜ். அட்டை கடித்ததுகூட உறைக்கவில்லை. நேற்று சாயங்காலம் துரையின் ஆபீஸ் வாசலில் சூசையப்பன் கைகட்டி நின்றதைப் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். அப்போது சொன்னவனை அடிக்கப் போனான். இப்போது தன்னையே அடித்துக்கொள்ளத் தோன்றியது.

சூசையப்பன் லயத்து முனை வீட்டில் தனிக்கட்டை. மனைவி போய்ச் சேர்ந்தபின் தானே பொங்கித் தானே தின்பவர். அடுப்பில் கஞ்சி கொதித்துக் கொண்டிருந்தது.

"அண்ணாச்சி! வெளியே வாரும்!"

வந்தார்.

"தந்தி ஆபீஸ்ல எம் பேரை எடுத்தது நீரா?"

"நான்தான்."

"ஏன்?"

"எடுக்கணும்னு தோணிச்சு. எடுத்தேன்."

லயத்து ஆட்கள் கூடிவிட்டார்கள். சிலுவைராஜின் மனைவி நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். "வேண்டாங்க, பெரியவுக" என்று அவன் கையைப் பற்றினாள். உதறிவிட்டான்.

"கேட்டுக்கிடுங்க எல்லாரும்! சந்தனம் ஆஸ்பத்திரியில கெடக்கா. அவளுக்காக ஒரு தந்தி அடிக்க எனக்கு அதிகாரம் இல்லையாம். தலைவர் பறிச்சுட்டாராம்! துரை வாசல்ல கைகட்டி நின்னீரே, என்னவே வாக்குக் கொடுத்தீரு?"

சூசையப்பன் வாய் திறக்கவில்லை. அந்த மௌனம்தான் சிலுவைராஜுக்கு வெறியை ஏற்றியது. பாய்ந்து சட்டையைப் பிடித்தான். தோள்பட்டை வரை கிழிந்து கையோடு வந்தது.

"துரோகி!"

யாரும் விலக்கவில்லை. கூட்டத்தில் ஒரு கிழவி காறித் துப்பினாள்.

சூசையப்பன் சிலுவைராஜின் மனைவியை மட்டும் பார்த்தார். "தாயி, அவனைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போ. சொன்னாக் கேளு."

"நான் எங்கயும் போகல! இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு தெரியணும்!"

கீழே ரோட்டில் ஜீப் வந்து நின்றது. எஸ்.ஐ. இறங்கினார். பின்னால் நாலு போலீஸ்காரர்கள். கூட்டம் தானாக விலகியது.

"காலைல டெல்லிக்கு ஒரு கம்பி போயிருக்கு. சுவர் இடிஞ்சது, எஸ்டேட்காரன் மறைச்சது எல்லாம் எழுதி, யூனியன் பேர்ல. பக்கத்து எஸ்டேட்ல இதே மாதிரி அடிச்சவன் போன வாரமே உள்ளே போயாச்சு. இப்ப ஜாமீனும் கிடையாது, கேஸும் கிடையாது, தெரியுமில்லே?"

சிலுவைராஜ் திகைத்தான். காலையில் தந்தியா? யார் கொடுத்தது?

எஸ்.ஐ. அவன் பக்கம் திரும்பினார்.

"எப்பவும் கம்பி அடிக்கிறது செக்ரட்டரிதானே? சிலுவைராஜ் நீதானே? ஏறு வண்டியில."

ஒரு போலீஸ்காரன் அவன் தோளைத் தொட்டான். மனைவி அலறினாள்.

கிழிந்த சட்டையோடு சூசையப்பன் குறுக்கே வந்து நின்றார்.

"அவனை விடுங்க சார். அவனுக்குத் தந்தி கொடுக்கிற அதிகாரமே கிடையாது. இப்பத்தான் ஊரே கேட்க அவனே சொன்னான். வேணும்னா தபாலாபீஸ்லயும் கேட்டுப் பாருங்க. இந்தச் சங்கத்துல அந்த அதிகாரம் எனக்கு ஒருத்தனுக்குத்தான்."