வாத்திய மண்டபத்தில் ஒரு படம்

பழைய பூங்காவின் வாத்திய மண்டபத்தில் இரும்புத் தூண்களின் நிழல் வரிவரியாக விழுந்திருக்கிறது. ஒரு காலத்தில் சீமான்கள் இங்கே பாண்டு கேட்டார்களாம். இப்போது ஜோடிகள் கல்யாணத்துக்கு முன் படம் எடுத்துக்கொள்கிறார்கள். "இன்னும் ஒட்டி நில்லுங்க. அடுத்த வாரம் கல்யாணம், இப்பப் போய் கூச்சமா அண்ணா?" என்கிறார் புகைப்படக்காரர். மணப்பெண் மாப்பிள்ளையின் மார்பில் சாய்கிறாள். அவன் சட்டைப்பையில் போன் அதிர்கிறது. அவள் கன்னத்திலும் அதிர்கிறது. "அவதானே?" என்கிறாள், உதடு அசையாமல். "சிரி. அப்புறம் பேசலாம்." "அவகூடப் பேசறத விட்டுட்டேன்னு சொன்னீங்க." "ஊரெல்லாம் பத்திரிகை கொடுத்தாச்சு. இப்ப என்னங்கற?" புகைப்படக்காரர் கேமராத் திரையைப் பார்த்து முகம் மலர்கிறார். "அக்கா, கண்ணு கலங்கினது செமையா வந்திருக்கு. அப்படியே இருங்க, இன்னொண்ணு எடுத்துக்கறேன்." அவள் அப்படியே இருக்கிறாள்.