ஆளுக்கொரு துடுப்பு

ஆற்றங்கரை நீர்நாய் ஒன்று, ஒரே அறையில் இருவர் சேர்ந்து விளையாட ஒரு வீடியோ கேம் செய்தது. படகில் ஏறி வெள்ளத்தைக் கடக்க வேண்டும், அவ்வளவுதான். ஆடிப் பார்க்கச் சொல்லி, முள்ளம்பன்றியும் மூஞ்சூறும் குடியிருந்த வளைக்கு அதைக் கொண்டுபோனது.

முள்ளம்பன்றி விறுவிறுவென்று ஆடி, ஒற்றை ஆளாகவே படகைக் கரை சேர்த்துவிட்டது. "பிரமாதம்!" என்றது. பார்வை மங்கலான மூஞ்சூறு, "நல்லாத்தான் இருந்துச்சு" என்றது. ஆனால் அது பாதியிலேயே கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டதை நீர்நாய் பார்த்திருந்தது. பாராட்டு அதற்கு இனிக்கவில்லை.

வீட்டுக்குப் போய் மொத்தத்தையும் பிரித்துப் போட்டது. ஆளுக்கொரு துடுப்பு வைத்தது. பாறைகளைத் திரையில் காட்டியது. சுழல்களுக்கு மெல்லிய சத்தம் மட்டும் கொடுத்தது, ஏனென்றால் மூஞ்சூற்றின் காதுக்கு ஊசி விழுந்தாலும் கேட்கும்.

வளையில் மறுபடி ஆடியபோது படகு கவிழ்ந்தது. திரும்பவும் கவிழ்ந்தது. இரண்டும் ஒன்றையொன்று திட்டிக்கொண்டன. மூன்றாம் முறை படகு கிளம்பியது.

"இடது பக்கம் சுழல் இரையுது, நிறுத்துங்க அண்ணே!" என்று மூஞ்சூறு கத்தியது.

முள்ளம்பன்றி முதன்முறையாகத் தன் துடுப்பை நிறுத்தியது. "சரி தம்பி. முன்னால பாறை இருக்கு, நீ மட்டும் துடுப்புப் போடு!"

படகு திரும்பியது, கரை சேர்ந்தது. இரண்டும் துள்ளிக் குதித்தன.

"கேம் எப்படி?" என்று நீர்நாய் ஆவலாகக் கேட்டது. முள்ளம்பன்றி மூஞ்சூற்றின் பக்கமே திரும்பியிருந்தது. "அந்தச் சுழல் உனக்கு எப்படிடா கேட்டுச்சு?" என்று முள்ளம்பன்றி கேட்க, மூஞ்சூறு மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தது.

நீர்நாய் சத்தமில்லாமல், வாலை ஆட்டியபடி வெளியே வந்தது.