குரல் வந்த வழி

"ஏட்டி, கேக்கா?"

அவளுக்குக் கேட்டது. போனில், கப்பல் இரைச்சலுக்கு நடுவே, பக்கத்தில் நின்று பேசுவதுபோல.

"கேக்கு, கேக்கு" என்றாள்.

கப்பலில் இருந்த புருஷனுக்கு அவள் சொன்னது கேட்கவில்லை.

"ஏட்டி, லைன்ல இருக்கியா?"

இந்த வாரம் முழுக்க இப்படித்தான்.

இன்னொரு ஒப்பந்தத்துக்குக் கையெழுத்துப் போடுவதா, ஊருக்கு வருவதா? இன்று மாலைக்குள் அவன் கேப்டனிடம் சொல்லியாக வேண்டும்.

எழுதி அனுப்பலாம்தான். போன தடவை அவள் போனை எடுத்து, 'கையெழுத்துப் போட்டுருங்க' என்று அவள் சொல்வதுபோல எழுதி அனுப்பியவர் அவனுடைய அண்ணன். அதை நம்பி இன்னொரு வருடம் கடலில் கிடந்தான்.

அவள் இங்கே கிடந்தாள்.

"உன் வாயால சொல்லு. எழுத்தெல்லாம் வேண்டாம்" என்றான். அதுவும் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

தூத்துக்குடியில் மாலுமிகள் சங்கத்தின் மாடி அறையில் அவள் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். கப்பல்களிலிருந்து வரும் அழைப்புகளை வீடுகளுக்குக் கைமாற்றிவிடும் கம்ப்யூட்டர் அங்கேதான் இருந்தது. அதைப் பார்த்துக்கொள்ளும் நவமணி திரையில் எதையோ விரலால் தொட்டுக் காட்டினாள்.

"அக்கா, அவுக போனு தன்னோட விலாசம்னு ஒண்ணு எழுதி அனுப்புது. அது கப்பலுக்குள்ள மட்டும் செல்லுற விலாசம். நம்ம மெஷினு அதை நம்பி உங்க பேச்சை அங்க அனுப்பிக்கிட்டு இருக்கு. வெளிய அப்படி ஒரு இடமே கிடையாது."

அப்படியானால் இத்தனை நாளும் அவள் சொன்னதெல்லாம் எங்கே போனது?

நவமணி தட்டச்சு செய்துகொண்டிருந்தாள்.

"இனிமே எழுதியிருக்கிறதைப் பாக்காது. அவுக குரல் எங்கிருந்து வருதோ, அங்கேயே உங்க குரலைத் திருப்பி விடும். ஆனா அவுக பேசிக்கிட்டே இருக்கணும். ரொம்ப நேரம் சும்மா இருந்தா வழி அடைஞ்சிரும்."

"அவுகளா? நல்ல ஆளைப் பாத்த, பிள்ளே. கல்யாணத்தன்னைக்கே வாயைத் தெறக்கல."

நவமணி சிரித்துக்கொண்டே அழைப்பைத் துண்டித்தாள்.

மறுபடி மணி அடித்தது.

"ஏட்டி, கேக்கா?"

"கேக்கு."

"கேக்குட்டி! எனக்குக் கேக்கு!"

இத்தனை நாள் சேர்த்து வைத்திருந்தது எதுவும் அவளுக்கு நினைவில் இல்லை.

"வந்துருங்க" என்றாள்.

பதில் இல்லை. அவள் பதறிப்போனாள்.

"ஏதாச்சும் பேசுங்க. நிறுத்தாதீங்க. நிறுத்துனா நான் பேசுறது ஒங்களுக்குக் கேக்காது."

நவமணி தன் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இவள் எட்டி நவமணியின் கையைப் பிடித்தாள். விடவில்லை.

அவன் தொண்டையைச் செருமுவது கேட்டது.

பிறகு, பயணப் பையின் ஜிப் இழுபடும் சத்தம்.

"நீலச் சட்டை" என்றான். "துண்டு. இன்னொரு துண்டு. உனக்கு வாங்குனது ஒண்ணு, அது என்னன்னு சொல்ல மாட்டேன். சோப்புப் பெட்டி…"