மறைவு தேதிக்கு விட்ட இடம்

"இறந்த தேதியைச் சொல்லுங்க."

கேட்டுவிட்டாள்.

அவளுக்குப் படம் வரைய வேலை கொடுக்கும் போட்டோ பிரேம் கடை சம்பத் அண்ணன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். துக்க வீட்டில் நீயாக எதையும் கேட்காதே. போட்டோவை வாங்கு, வரை, கொடு, கிளம்பு.

சோபாவில் இருந்தவர் நிமிரவில்லை. அவர் மடியில் அவள் வரைந்த படம். அவருடைய மகளின் முகம். கீழே தாரணி என்று பெயர். அதற்கும் கீழே தோற்றம், ஒரு தேதி. மறைவு என்பதற்குப் பக்கத்தில் வெறும் தாள்.

"அத அப்பறம் எழுதிக்கலாம் அம்மிணி. எடம் விட்டிருந்தாப் போதும்."

"தேதி தெரியாதுங்களா?"

ஜன்னலோரம் நின்ற மகன் சிரித்தான்.

"நல்ல நாள் பாத்துட்டிருக்கோமுங்க."

"டேய்."

மகனை அதட்டிவிட்டு அவர் அவளிடம் திரும்பினார். பக்கத்து வீட்டு விசேஷத்தைச் சொல்வதுபோலச் சொன்னார்.

"ஓடிப்போனவ எங்களுக்குச் செத்தவதான், கண்ணு."

சமையலறையில் குக்கர் விசில் அடித்தது.



அப்படியென்றால் தாரணி சாகவில்லை.

இன்னும் சாகவில்லை.

போட்டோவை இந்த மகன்தான் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான்.

மாதக்கணக்காக அவள் வரைந்தது மாலை போடுகிற முகங்களைத்தான். பில்லிங் வேலை போக மிச்சமிருக்கும் ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதற்கே போனது. ஒரே நேர்பார்வை, ஒரே புன்னகை, பின்னால் ஒரே நீல மேகம். டீ டிகாக்‌ஷனில் தாளை நனைத்து, காய வைத்து, கறை போகிற போக்கில் அவள் தனக்காக வரைந்து பார்த்ததெல்லாம் கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

இந்தப் போட்டோ வந்ததும் கை துறுதுறுத்தது.

ரோட்டோரம் நிற்கும் பெண். காற்றில் முடி வாய்க்குள் போயிருக்கிறது. கையில் பாதி கடித்த பன். இந்தப் பெண்ணா செத்துப்போனாள் என்று திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

மாலை போடுகிற படத்துக்கு முகம் மட்டும் போதும். அதை அப்புறம் வரைந்தாள். முதலில் தனக்காக ஒன்று. டிகாக்‌ஷன் கறையில் தெரு முழுவதும். பேக்கரி, அதன் போர்டு. போர்டில் பல்லடம் ரோடு என்ற எழுத்துகளைக்கூட ஆசை ஆசையாக வரைந்தாள்.

ஓரத்தில் ஒரு கறுப்புப் பட்டை இருந்தது. கார் கண்ணாடியின் விளிம்பு. பார்க்க நன்றாக இருக்கிறதே என்று அதையும் வரைந்தாள்.

போட்டோவில் அந்தப் பெண் கேமராவைப் பார்க்கவேயில்லை.

இப்போதுதான் உறைத்தது. அவளுக்குத் தெரியாமல் காருக்குள்ளிருந்து எடுத்த போட்டோ.

டீப்பாயில் இரண்டு போன்கள் இருந்தன. ஒன்று அடித்தது. காபி டம்ளரோடு சமையலறை வாசலில் நின்ற தாரணியின் அம்மா தன் போனை எடுக்க ஓர் எட்டு முன்னால் வந்தாள். மகன் எடுத்துக் கட் செய்தான். அந்த அம்மா வந்த எட்டைப் பின்னால் எடுத்து வைத்தாள்.

படம் வரைந்தவளுக்கு நாக்கு நுனி வரை கெட்ட வார்த்தை வந்தது. விழுங்கினாள். போலீசுக்குப் போனால் அங்கிருந்து முதல் போன் இந்த வீட்டுக்குத்தான் வரும். அது தெரியாத அளவுக்கு அவள் சின்னப் பிள்ளை இல்லை.

"காலேஜுக்கு அனுப்புனேன். அதுதான் நான் பண்ணுன தப்பு." தாரணியின் அப்பா படத்தைப் பார்த்தபடியே பேசினார். "நீயும் டிகிரியாமே?"

"ஆமாங்க. எங்க வீட்டுல மொத டிகிரி."

"பாத்து நடந்துக்கோ."

மகன் பக்கத்தில் வந்தான்.

"ரேசன் கடைக்குப் பின்னாலதானுங்க உங்க வீடு? அம்மா மட்டுந்தான் இருப்பாங்க, இல்லீங்?"

தலையாட்டினாள். 

அப்பா படத்தை நீட்டினார்.

"கண்ணு ரெண்டும் என்னையவே பாக்குது. இத்தன உசுரா எதுக்குப் போட்ட? கொஞ்சம் மங்கலாக்கிக் குடு."

"மாத்திக் கொண்டாறனுங்க. எப்ப வேணும்?"

அப்பனும் மகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நாளைக்குச் சாயங்காலம்," என்றான் மகன்.

படத்தைச் சுருட்டினாள். கோணலாகச் சுருண்டது. பிரித்து மறுபடி சுருட்டினாள். மறுபடியும் கோணல்.

அம்மாவை மாமா வீட்டுக்குப் போகச் சொல்ல வேண்டும். ஏன் என்று அம்மா கேட்பாள். அதை, தான் பஸ்ஸில் ஏறியபிறகு போனில் சொல்லிக்கொள்ளலாம்.

செருப்பை மாட்டும்போது மகன் அவள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அவசரப்படவில்லை. அவசரப்படாமல் நடப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கேட்டைச் சாத்த அந்த அம்மா பின்னாலேயே வந்தாள். கொக்கியைப் போடுகையில், கொக்கியிடம் பேசுவதுபோல முணுமுணுத்தாள்.

"பல்லடம் பஸ்ஸு எதிர்த்தாப்புல நிக்கும், சாமி."

அவள் நிற்கவில்லை, திரும்பவில்லை.

அந்தப் பேக்கரியைத் தேடி அதற்குள் பாதி ரோட்டைத் தாண்டியிருந்தாள்.