உள்ளேன் சார்

மூட்டை தூக்குகிறவர் கட்டவேண்டிய பாக்கி ஆறாயிரத்து நானூறு ரூபாய். மகள் ஆன்லைனில் படிக்கப் பல்கலைக்கழகம் தவணையில் வாங்கித்தந்த போன். தவணை தவறியதால் அதைப் பிடுங்கிப்போக வசூல்காரர் வந்து நின்றார்.

"மெதுவா பேசுங்கண்ணே, பாப்பா கிளாஸ்ல இருக்கா. பணம் அந்த ரூம்லதான் இருக்கு. கிளாஸ் முடியட்டும், எடுத்துத் தர்றேன்" என்றார் அப்பா.

உள்ளே போனில் பேராசிரியர் வருகைப்பதிவுக்குப் பெயர் கூப்பிட்டார். "உள்ளேன் சார்" என்றது ஒரு பெண்குரல்.

"படிப்பு ஓடுது, பணம் மட்டும் நொண்டுதாக்கும்!" என்று வசூல்காரர் திரையை விலக்கினார்.

நாற்காலி காலி. மேசைமேல் அந்தப் போன். எதிரில், மடியில் பழைய போனுடன் தாய்.

"ரீசார்ஜ் காசுக்காக அவ வேலைக்குப் போற நாள்ல, நான் போட்டுக்காட்டணும்னு அவளே இந்தப் பழைய போன்ல பேசிவச்ச குரல்ங்க இது" என்றாள் தாய். "அவ காய்ச்சல்ல போய் நாலு மாசமாச்சு."

வசூல்காரர் பிடித்திருந்த திரையை விட்டார். "படிக்கிற பிள்ளை செத்துட்டா பாக்கி தள்ளுபடிய்யா! ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொன்னா பேரை எடுத்துடுவாங்களே. அவளைத் தினமும் பேர் சொல்லிக் கூப்பிட வேற யாருண்ணே இருக்கா?" இழுப்பறையிலிருந்து பணத்தை எடுத்து நீட்டினார் அப்பா. "அவ பேர்லயே ரசீது போடுங்க."

வசூல்காரர் 'பாக்கி இல்லை' என்று எழுதிக் கொடுத்தார். பழைய போனைத் தரையில் வைத்துவிட்டு, ரசீதைத் தாய் இரண்டு கையாலும் வாங்கினாள்.

அப்போது அடுத்த வகுப்பு தொடங்கி, மகளின் பெயரைக் கூப்பிட்டார்கள். தரையில் கிடந்த பழைய போனை யாரும் தொடவில்லை.

"உள்ளேன் சார்" என்றது காலி நாற்காலி.